கார் டைட்டிலில் விலை தவறாகப் பதிவாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

அமெரிக்காவில் தனியாரிடம் பழைய கார் வாங்கினால், டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தை இருவரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். எண் ஏதாவது தவறினால் நம் கை தானாகவே செய்யும் ஒரு காரியம் உண்டு: தவறான எண்ணைக் குறுக்கே அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவது. ஊரில் விண்ணப்பங்களிலும் ஒப்பந்தங்களிலும் அப்படிச் செய்தே பழகியவர்கள் நாம். டைட்டிலில் அதைச் செய்துவிடாதீர்கள். அடித்தல், திருத்தல், வெள்ளை மை ஆகிய எது இருந்தாலும் பத்திரம் செல்லாது என்று பல மாநிலங்கள் டைட்டிலிலேயே அச்சிட்டிருக்கின்றன. விலை தவறியது சிறு பிழை. அதைக் கையால் திருத்த முயன்று பத்திரத்தையே கெடுத்துக்கொள்வதுதான் பெரிய பிழை. புதிதாக வந்த மாணவர்களும் இளம் குடும்பங்களும் முதல் காரிலேயே இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

எதையும் தொடுவதற்கு முன் தவறான எண் எந்தத் தாளில் இருக்கிறது என்று பாருங்கள். விலை எழுதப்படும் இடங்கள் பல: டைட்டிலின் பின்பக்கம், உரிமை மாற்ற விண்ணப்பம், விற்பனைச் சீட்டு, வரி கட்டியபின் வரும் ரசீது. எல்லா மாநிலங்களிலும் டைட்டிலிலேயே விலை இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சாஸ் டைட்டிலின் பின்பக்கத்தில் விலைக்கு இடமே இல்லை. அங்கே விலை ‘130-யு’ என்ற விண்ணப்பத்தில்தான் வருகிறது. கலிஃபோர்னியாவிலும் ஓஹையோவிலும் டைட்டிலின் மீதே விலையை எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பிழை என்றால் புதுத்தாள் எடுத்து எழுதிவிடலாம். டைட்டிலில் பிழை என்றால் வேலை கூடும். நம்மவர்கள் பலர் வாழும் மாநிலம் என்பதால் கீழே டெக்சாஸை அடிப்படையாக வைத்து, வேறுபடும் இடங்களில் மட்டும் பிற மாநிலங்களைச் சொல்கிறேன்.

அறிகுறி: எழுதும்போதே விலை தவறிவிட்டது; இன்னும் உரிமை மாற்றும் அரசு அலுவலகத்தில் கொடுக்கவில்லை

திருத்துவதற்கு மிக நல்ல கட்டம் இதுதான். 130-யு விண்ணப்பத்தில் தவறியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை அச்சிட்டு நிரப்புங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் படிவத்தில் விற்பவரின் கையெழுத்தும் வேண்டும். ஆகவே விற்றவரின் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன், எழுதிய எல்லா எண்களையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் ஒன்றைக் கூடுதலாக வாங்கிவைத்துக்கொள்ளும்படி சிலர் யோசனை சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பது விற்பவருக்கும் நியாயம் இல்லை, பின்னால் கேள்வி வந்தால் உங்களுக்கும் பதில் இருக்காது.

டைட்டிலிலேயே தவறியிருந்தால் மாநிலத்தைப் பொறுத்து இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பிழை எப்படி நேர்ந்தது, சரியான விலை எது என்று விளக்கி, பிழை செய்தவர் கையெழுத்திட்ட அறிக்கையை டைட்டிலுடன் சேர்த்துக் கொடுப்பது. கலிஃபோர்னியாவில் இதற்கு ‘ஆர்இஜி 256’ என்ற உண்மை விவர அறிக்கைப் படிவம் இருக்கிறது. இரண்டாவது, விற்றவர் நகல் டைட்டிலுக்கு விண்ணப்பித்து, அது வந்தபின் புதிய தாளில் மறுபடி எழுதித் தருவது. டெக்சாஸில் அதற்கான படிவம் ‘விடிஆர்-34’. தபாலில் 2 டாலர், நேரில் 5.45 டாலர். நகல் வெளிவந்ததும் பழைய டைட்டில் செல்லாததாகிவிடும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எதைக் கொடுப்பது என்ற குழப்பத்துக்கு இடம் தராதீர்கள்.

நகல் டைட்டிலுக்கு விண்ணப்பிப்பவர் விற்றவராகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் அரசின் பதிவேட்டில் அதுவரை அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவர் நீங்கள் என்பதால் மட்டும் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. ஓஹையோவில் இன்னும் ஒரு படி கூடுதல்: விற்பவர் டைட்டிலில் விலையைக் குறிப்பிட்டு நோட்டரி முன் உறுதிமொழி கூறிக் கையெழுத்திட வேண்டும். எனவே நோட்டரியின் முத்திரை விழுந்தபின் கண்டுபிடிக்கும் பிழைக்கு நீங்களாக எதுவும் செய்யாமல், கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) டைட்டில் அலுவலகத்தைக் கேட்டு அவர்கள் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தையே கொடுங்கள்.

காலக்கெடுவையும் கவனத்தில் வையுங்கள். டெக்சாஸில் வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 10 நாட்கள்தான். நகல் டைட்டிலுக்குக் காத்திருக்கும்போதும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தாமதம் ஏற்படும் என்று தெரிந்தால் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லி, அபராதத்தைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: விலை எழுத வேண்டிய இடத்தில் மைல் கணக்கு, மைல் இடத்தில் விலை

இந்தப் பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இரண்டுமே நான்கைந்து இலக்க எண்கள். கட்டங்கள் அருகருகே இருக்கும். அவசரத்தில் இடம் மாறிவிடும். விலை தவறினால் போவது வரிப்பணம், அதைத் திரும்பக் கேட்கலாம். மைல் கணக்கு தவறினால் காரின் வரலாறே கெட்டுப்போகும்.

காரணம் இதுதான். ஓடோமீட்டர் மோசடியைத் தடுக்க 1986-இல் இயற்றிய கூட்டரசுச் சட்டப்படி, விற்பவர் மைல் கணக்கை டைட்டிலிலேயே அறிவித்துக் கையெழுத்திட வேண்டும். 2011 மாடல் முதல் வந்த கார்களுக்கு இந்தக் கடமை 20 ஆண்டுகள் நீடிக்கிறது. 2010-ம் அதற்கு முந்தைய மாடல்களும் விலக்குப் பெற்றுவிட்டன. 84,317 மைல் ஓடிய காரை 9,200 டாலருக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைல் இடத்தில் 9,200 என்று பதிவானால், முந்தைய பதிவுகளில் இருக்கும் பெரிய எண்ணோடு அது முரண்படும். மீட்டரைப் பின்னுக்குச் சுற்றியதுபோல் தோன்றும். ‘இது உண்மையான மைலேஜ் இல்லை’ என்ற குறிப்பு டைட்டிலில் ஏறிவிட்டால், அடுத்து விற்கும்போது உங்கள் காரை எவரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

ஆகையால் இங்கே விலையை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியடைய வேண்டாம். டைட்டில் இன்னும் உங்கள் கையில் இருந்தால் நகல் டைட்டில் வழியே பாதுகாப்பானது. விளக்க அறிக்கை போதும் என்று அலுவலகம் சொன்னாலும், இரண்டு எண்களையும் தனித்தனியாக அதில் எழுதச் சொல்லுங்கள். பதிவு முடிந்த பிறகு தெரியவந்தால், இருவரும் கையெழுத்திட்ட புதிய ஓடோமீட்டர் அறிக்கையோடு, அந்தக் காலத்து மைல் கணக்கைக் காட்டும் சான்றுகளையும் திரட்டுங்கள். ஆயில் மாற்றிய ரசீது, டயர் கடைச் சீட்டு, ஆய்வுச் சான்று எல்லாமே உதவும். தேதியும் மைலும் ஒரே தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாநிலப் பதிவு சரியான பிறகு, கார்ஃபாக்ஸ் போன்ற வாகன வரலாற்று நிறுவனங்களுக்கும் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் தனியே வைத்திருக்கும் பதிவில் பழைய எண் அப்படியே கிடக்கலாம்.

மைல் எழுதும்போது பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடைசி இலக்கத்தைச் சேர்க்கக் கூடாது. பழைய மாடல் மீட்டர்களில் அதையும் சேர்த்து எழுதி 84,317-ஐ 8,43,170 ஆக்கிவிடுபவர்கள் உண்டு.

அறிகுறி: ரசீதில் ஒரு சுழியம் கூடிவிட்டது

நீங்கள் எழுதிய விலை 8,500 டாலர். ஊழியர் 85,000 என்று தட்டிவிட்டார். டெக்சாஸின் வாகன விற்பனை வரி 6.25 விழுக்காடு, 531.25 டாலர் கட்ட வேண்டிய இடத்தில் 5,312.50 டாலர் கேட்கும். இவ்வளவு பெரிய வேறுபாடு கண்ணில் பட்டுவிடும். 8,500 என்பது 8,900 ஆனால்தான் எவரும் கவனிக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ரசீதை அலுவலக ஜன்னலைவிட்டு நகராமல் படியுங்கள். விற்பனை விலை, பழைய காருக்குக் கழித்த தொகை, வரிக்குரிய தொகை, வரி என்று ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கும். அன்றைய தினமே சொன்னால் அந்தப் பரிவர்த்தனையையே நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவது எளிது.

நாள் கடந்துவிட்டால் வேலை இரண்டாகப் பிரிகிறது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பதிவேட்டில் விலையைத் திருத்துவது கவுண்டி வரி அலுவலகத்தின் வேலை. கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தருவது மாநிலக் கணக்கு அதிகாரியான கம்ப்ட்ரோலரின் வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. முதலில் கவுண்டியில் விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டு, அதில் நீங்கள் எழுதிய விலை சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ‘14-202’ என்ற வரி திரும்பக் கோரும் படிவத்தை நிரப்பி, ரசீது, விற்பனைச் சீட்டு, பணம் கொடுத்ததற்கான வங்கிச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து கம்ப்ட்ரோலருக்கு அனுப்புங்கள். நான்கு ஆண்டுகள் வரை கேட்கலாம். ஆனால் விற்றவரின் தொலைபேசி எண் மாறுவதற்கு முன் கேட்பது நல்லது.

கலிஃபோர்னியாவிலும் இதே பிரிவினை உண்டு. பணத்தை வாங்குவது வாகனத் துறையான டிஎம்வி என்றாலும், வரியைத் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் மாநில வரித்துறையான சிடிடிஎஃப்ஏ, படிவம் ‘சிடிடிஎஃப்ஏ-101-டிஎம்வி’. இல்லினாய்ஸில் தனியார் விற்பனைக்கு ‘ஆர்யூடி-50’ என்ற வரிப்படிவம். பிழை இருந்தால் ‘ஆர்யூடி-50-எக்ஸ்’ தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாநிலத்தில் விலை 15,000 டாலருக்குக் கீழே இருந்தால் காரின் வயதைப் பார்த்து வரி போடுவார்கள், 15,000-மும் அதற்கு மேலும் என்றால் விலையைப் பார்த்து. ஆகவே 6,200 டாலரை 6,700 என்று எழுதியிருந்தால் வரி மாறாது. 14,800 டாலர் 15,800 ஆகப் பதிவாகியிருந்தால் அட்டவணையே மாறிவிடும்.

அறிகுறி: விலை சரியாகத்தான் இருக்கிறது, வரி மட்டும் அதிகம்

இதைப் பிழை என்று நினைத்துப் பலர் கோபத்தோடு ஜன்னலில் வாதிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிழையாக இருப்பதில்லை. தனியாரிடம் வாங்கும் காருக்கு டெக்சாஸ் மாநிலம் ஒரு சந்தை மதிப்பைத் தானே கணித்து வைத்திருக்கிறது, ‘எஸ்பிவி’ என்பார்கள். நீங்கள் கொடுத்த விலை, அந்த மதிப்பில் 80 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. 7,000 டாலருக்கு வாங்கிய காரின் எஸ்பிவி 12,000 என்றால், 9,600-க்கு வரி கணக்கிட்டு 600 டாலர் கேட்பார்கள். 437.50 தானே என்று நீங்கள் வாதிட்டாலும் ஊழியரால் எதையும் மாற்ற முடியாது.

கார் அடிபட்டதாகவோ எஞ்சின் கெட்டதாகவோ இருந்து, அதனால் மலிவாகக் கிடைத்தது என்றால் வழி இருக்கிறது. உரிமம் பெற்ற கார் விற்பனையாளரிடமோ காப்பீட்டு மதிப்பீட்டாளரிடமோ சான்றளித்த மதிப்பீடு பெற்றுக் கொடுக்கலாம். அதைப் பெறுவதற்குக் காலக்கெடு உண்டு, எத்தனை நாட்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கட்டணம் வாங்குவார்கள். மிச்சமாகும் வரி அந்தக் கட்டணத்தைவிட அதிகமா என்று முன்பே கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அதிகபட்சம் மிச்சமாவது 162.50 டாலர்தான். எஸ்பிவி எவ்வளவு என்பதை டெக்சாஸ் வாகனத் துறையின் இணையதளத்தில் காரின் அடையாள எண்ணான விஐஎன்-ஐயும் மைலையும் கொடுத்து வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். பேரம் பேசும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மாசசூசெட்ஸிலும் இதைப்போலவே, கொடுத்த விலை குறைவாக இருந்தால் விலைக் கையேட்டின் மதிப்புக்கே வரி. நியூயார்க்கில் சந்தை விலைக்குக் குறைவாக வாங்கினால், ‘டிடிஎஃப்-802’ படிவத்தில் விற்றவரும் தனியாக உறுதிகூறிக் கையெழுத்திட வேண்டும்.

அறிகுறி: டீலரிடம் வாங்கியது, பதிவில் விலை கூடுதலாக இருக்கிறது

முதலில் நீங்கள் கையெழுத்திட்ட கொள்முதல் ஒப்பந்தத்தை எடுத்து, பழைய காரைக் கொடுத்ததற்கான தொகை கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். டெக்சாஸில் அந்தத் தொகையைக் கழித்த பிறகே வரி. 28,000 டாலர் கார் வாங்கி 9,000 டாலருக்குப் பழையதைக் கொடுத்திருந்தால் 19,000-க்கு 1,187.50 டாலர் வரி. கழிக்க மறந்தால் 1,750 ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் இந்தக் கழிவு கிடையாது. முழு விலைக்கும் வரி, அது சட்டம். டெக்சாஸிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர்கள் இதைப் பிழை என்று எண்ணி அலைய வேண்டாம். உண்மையான பிழை என்றால், விண்ணப்பித்தவர் டீலர் என்பதால் திருத்தத்தையும் அவர் வழியாகவே தொடங்குங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அறிகுறி: கொடுத்ததைவிடக் குறைவான விலை பதிவாகியிருக்கிறது

வரி மிச்சம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். விற்பவரே உதவி செய்வதாக எண்ணி, “2,000 டாலர் என்று எழுதிவிடலாம் தம்பி, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று சொல்வதும் உண்டு. வேண்டாம். உரிமை விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது டெக்சாஸில் மூன்றாம் நிலைக் குற்றம். இரண்டு முதல் பத்து ஆண்டுச் சிறை, 10,000 டாலர் வரை அபராதம். படிவத்திலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. விசாவில் இருப்பவருக்குக் குற்றப்பதிவு என்றால் சிக்கல் குடியேற்றம் வரை நீளும். 80 விழுக்காடு விதி இருப்பதால் பொய் விலையில் பெரிதாக மிச்சமும் ஆகாது. உண்மையாகவே பிழையாகப் பதிவாகியிருந்தால், நீங்களாகப் போய்ச் சொல்லி மீதி வரியைக் கட்டிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பும்வரை காத்திருப்பவரின் நிலை வேறு, தானே முன்வந்து சொன்னவரின் நிலை வேறு.

பதிவில் விலை குறைந்தால் விபத்தில் காப்பீட்டுத் தொகையும் குறைந்துவிடுமோ என்று சிலர் கேட்கிறார்கள். கார் முழுவதும் சேதமானால் நிறுவனம் பார்ப்பது அன்றைய சந்தை மதிப்பைத்தான். அந்தக் கவலை வேண்டாம்.

அறிகுறி: விலைக்குப் பதில் அன்பளிப்பு என்று பதிவாகிவிட்டது

டெக்சாஸில் அன்பளிப்புக்கு 10 டாலர் வரிதான். ‘14-317’ என்ற உறுதிமொழிப் படிவத்தில் இருவரும் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். ஆனால் எல்லா உறவுக்கும் அது பொருந்தாது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகளுக்கே அந்தச் சலுகை. சித்தப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணனும் நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அறைத்தோழனும் இல்லை. பணம் கை மாறியிருந்தால் உறவே ஆனாலும் அது விற்பனைதான். தவறாக அன்பளிப்பு என்று போயிருந்தால் சரியான விலையோடு புதிய 130-யு நிரப்பி, வேறுபாட்டு வரியைக் கட்டி மாற்றுங்கள்.

அறிகுறி: பிழை தெரியவரும்போது விற்றவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்

நம்மவர்களிடையே இது அடிக்கடி நேர்கிறது. படிப்போ வேலையோ முடிந்து கிளம்பும் வாரத்தில்தான் கார் விற்பார்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் எழுதிய டைட்டிலில் பிழை இருப்பது, அவர் சென்னையில் இறங்கிய பிறகு தெரியவரும்.

விலையை விளக்கும் அறிக்கை மட்டும் போதும் என்றால், அதை அவர் அங்கிருந்தே மையில் கையெழுத்திட்டு மூலத்தாளைத் தூதஞ்சலில் அனுப்பலாம். அமெரிக்க நோட்டரி முத்திரை வேண்டும் என்று அலுவலகம் கேட்டால், சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து பெறலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். தூதரகத்துக்குப் போகும்முன் எந்தத் தாள்களில் முத்திரை வேண்டும் என்று கவுண்டியிடம் பட்டியல் வாங்கி அனுப்பிவிடுங்கள். அங்கே போனபின் கண்டுபிடிக்கும் விடுபட்ட தாளுக்கு இன்னொரு முன்பதிவு தேவைப்படும்.

கிளம்பப் போகும் ஒருவரிடம் இப்போது கார் வாங்குகிறீர்கள் என்றால், அவர் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். டெக்சாஸில் ‘விடிஆர்-271’ படிவமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும். அதை உங்கள் பெயருக்கு எழுதி வாங்காதீர்கள். ஓடோமீட்டர் அறிவிப்பில் விற்பவராகவும் வாங்குபவராகவும் ஒரே ஆள் கையெழுத்திடுவதைக் கூட்டரசு விதி தடுக்கிறது. நீங்களே இரண்டு பக்கமும் கையெழுத்திட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். இங்கேயே தங்கியிருக்கப்போகும் பொதுவான நண்பர் ஒருவர் பெயருக்கு அதிகாரம் கொடுத்தால், நகல் டைட்டிலுக்கு விண்ணப்பிப்பதையும் அவரே பார்த்துக்கொள்வார்.

விற்றவரை எந்த வகையிலும் தொடர்புகொள்ள முடியவில்லை, கையிலுள்ள டைட்டிலும் செல்லாது என்று அலுவலகம் திருப்பிவிட்டது என்றால், கடைசி வழி பிணைத்தொகை டைட்டில். காரின் எஸ்பிவி மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பிணைப்பத்திரம் வாங்க வேண்டும்; அது மூன்று ஆண்டுகள் நடப்பில் இருக்கும். முழுத்தொகையையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை, பிணை நிறுவனத்துக்கு ஒரு கட்டணம் மட்டுமே. வெறும் விலைப் பிழைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டி வருவது அபூர்வம். அதற்குள் இறங்குவதற்கு முன் விற்றவரின் பழைய முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பிப் பாருங்கள், முகவரி மாற்றம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது அவருடைய நண்பர் வீட்டுக்காவது போய்ச் சேரும்.